இரண்டு நாள் கழித்துத் தெரியவேண்டிய செய்தி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஆதாரமில்லாத எதிலும் கையெழுத்துப் போடாத தலைமையாசிரியர் என்ற பெயரை இருபது வருடமாகக் காப்பாற்றி வருகிறேன். ஆகவே அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். சென்ற ஆண்டு, பிரிந்து வாழும் ஒரு தம்பதி என் அறையில் தங்கள் மகனின் மதிப்பெண் பட்டியலை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், கணக்கும் அறிவியலும் தாயோடும், மொழிப்பாடங்கள் தந்தையோடும் போய்ச் சேர்ந்தன. இனி இப்படி நடக்கக் கூடாது என்று நானே உட்கார்ந்து விதி எழுதினேன். பிரிந்த பெற்றோர் எதைக் கேட்டாலும் படிவத்தில்தான் கேட்க வேண்டும். கேட்ட தாள் ஐந்தாவது வேலைநாளில் கிடைக்கும். கேட்ட செய்தி மற்றவருக்கு ஏழாவது வேலைநாளில் போகும். கூச்சல் எழும்போது தாள் பள்ளியைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பதற்காகவே நடுவில் இரண்டு நாள் விட்டேன். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். எட்டு மாதத்துக்கு முன் நானும் பிரிந்த பெற்றோர் ஆனேன்; அப்படி ஆவேன் என்று விதியில் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை உங்கள் தங்கையின் படிவம் வந்தது. மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம். சேரவிருக்கும் பள்ளி ரயிலில் பதினொரு மணி நேரத் தொலைவில். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும். படிவத்தோடு நான் எழுந்தபோது எங்கள் எழுத்தர் அம்மாள், பள்ளி முழுக்க 'சட்டம்மா' என்று அழைக்கப்படுபவர், குறுக்கே நின்றார். "சார், இப்ப நீங்க படிச்சது தலைமையாசிரியரா. தயவுசெஞ்சு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"அம்மா, அந்த அப்பாவே நான்தானே?"

"அவருக்கு அடுத்த செவ்வாய்தான் சார் நகல் போகும். அதுக்கு முன்னாடி விவரம் வேணும்னா, படிவம் எழுதிக் குடுத்துட்டு வெளிய பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க."

போய் உட்கார்ந்தேன், மச்சான். பக்கத்தில் காய்ச்சல் வந்த ஒரு சிறுமி. "உங்களுக்கும் வாந்தியா சார்?" என்றாள். அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் வருகைப் பதிவேட்டோடு வந்தாள். மூக்கில் கண்ணாடி! எப்போது போட்டாள், எவ்வளவு பவர், தலைவலி இருந்ததா, ஒன்றும் தெரியாது. "குட் மார்னிங் சார்" என்றாள். நானும் பொதுவாக ஒரு தலையசைப்பு தந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை, காலையில் வரிசையில் நிற்கும் பத்து நிமிடம்தான் என் கண்ணில் படுகிறாள். மற்ற நேரத்துக்கு மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர்க் குழாயைச் சோதிப்பவன்போல நிற்கிறேன். அந்தக் குழாய் இந்த மாதம் பதினாறு முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, ஐந்தாவது வேலைநாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குச் செய்தி வரும்போது பிள்ளை ரயிலேறியிருப்பாள்.

பதறிப்போய் நேற்று ஒரு சுற்றறிக்கை போட்டேன்: பிரிந்த பெற்றோரில் ஒருவர் மாணவரைப் பற்றி எழுதிப் பள்ளி வழியாகப் போகும் எந்தத் தாளின் நகலும், அன்றே மற்றவருக்குப் போய்ச் சேர வேண்டும். சட்டம்மா அதை இருமுறை படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா புதுசா வர்ற தாளுக்குத்தான் செல்லும். திங்கக்கிழமை வந்தது பழைய விதி" என்று கோப்பில் சொருகிவிட்டார்.

ஆகையால் உங்கள் காலில் விழுகிறேன். பரீட்சை முடியும்வரையாவது பொறுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். என் பக்கம் தவறே இல்லை என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னும் நான் முழங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தவறு உண்டு. "உங்களோட இனிமே என்னால முடியாது"ன்னு அவ அழுதப்ப, நான் "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு"ன்னேன். குடுத்தா மச்சான், நாலு பக்கம். பெறப்பட்டதுன்னு தேதி போட்டு வாங்கி வச்சேன். பதில் எழுதலை. பதினோரு தடவை படிச்சாச்சு, எதுக்குமே என்கிட்ட பதில் இல்லை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். கண்ணாடியின் பவர் தெரிந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
இன்னும் மைத்துனனாகவே இருக்க விரும்புபவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையை ஒட்டாமல் அஞ்சலில் சேர்க்கச் சொல்லி சட்டம்மாவிடம் கொடுத்தது என் பிழை. 'நகல் அனுப்பப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது. "மாணவியைப் பத்தி அப்பா எழுதினது, பள்ளி வழியாப் போகுது, அன்னிக்கே அம்மாவுக்கு நகல். நேத்துப் போட்ட விதிக்கு இதுதான் சார் முதல் தாள்" என்றார் பெருமையாக. போன் வழியாக நான்கு நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததாம். ஆகவே மேலே 'தெரிய வேண்டாம்' என்று நான் எழுதிய இரண்டு இடங்களையும் அடித்துவிட்டுப் படிக்கவும். பதிலும் வந்துவிட்டது. நாளை காலை பத்து மணிக்கு உங்கள் தங்கை நேரில் வருகிறார். அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாமாம். வேறு ஒரு சொல் இல்லை. சந்திப்பு ஏட்டில் பதிந்துவிட்டு சட்டம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்: "சார், நாளைக்கு உங்க நாற்காலிய மேசைக்கு எந்தப் பக்கம் போடட்டும்?"