கைப்பிடி மாட்டும் வேலை

“குடையும் ஒண்ணுதான், கைப்பிடியும் ஒண்ணுதான். பக்கத்துல உக்காந்து மாட்டுற அவருக்கு முழுச் சம்பளம், எனக்கு மட்டும் ஏன் சார் பாதி?”

காலங்காத்தாலே இதென்ன தலைவலி என்றிருந்தது குடைக் கம்பெனி மேனேஜருக்கு. கேட்டது கைப்பிடி மாட்டும் பிரிவின் கண்ணாடியக்கா. பதில் சொல்லாவிட்டால் அத்தனை பெண்களும் திரண்டு வருவார்கள். சம்பளச் செலவு ஒரு காசு கூடினாலும் சீட்டு கிழிந்துவிடும் என்று முதலாளி வேறு மிரட்டியிருந்தார்.

“ஆம்பளைங்க மூட்டை தூக்குறாங்கம்மா,” என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார்.

மறுநாள் பார்த்தால், கம்பி மூட்டைகளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆண்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். என்ன ஒரு மரியாதை!

“இப்ப சொல்லுங்க சார்.”

“அவங்களுக்குக் குடும்பம் இருக்கேம்மா!”

“அப்ப நாங்க என்ன வானத்துலேருந்தா குதிச்சோம்? என் வீட்டுக்காரர் வேலையை விட்டு வருஷமாச்சு. பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்னும் கல்யாணமே ஆகல!”

மேனேஜருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஆண்கள் எல்லோருக்கும் ‘டெக்னீஷியன்’ என்று பட்டம் சூட்டி, சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பேட்ஜும் கொடுத்தார். அவ்வளவுதான், டெக்னீஷியன்கள் கைப்பிடியைத் தொட மறுத்துவிட்டார்கள். கௌரவக் குறைச்சலாம். கூடவே சம்பள உயர்வும் கேட்டார்கள்.

விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. போனிலேயே குதறி எடுத்தார்.

“யோவ், அங்க வேலையெல்லாம் யாருய்யா பாக்குறது?”

மேனேஜர் தலை தப்பினால் போதும் என்று உண்மையையே சொல்லிவிட்டார், பாவம்.

“கண்ணாடியக்காதான் முதலாளி! சரக்கு, ஆளு, கணக்கு, எல்லாம் அந்தம்மாதான் பாக்குது. அதுவும் பாதிச் சம்பளத்துக்கு! நமக்கு எவ்ளோ மிச்சம் பாருங்க!”

“அப்படியா?” என்றார் முதலாளி, ரொம்ப இனிமையாக. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வாட்ச்மேன் வாசலிலேயே மறித்தார்.

“ரூமுக்குப் போகாதீங்க சார். கண்ணாடியக்காவ மேனேஜராக்கிட்டாரு முதலாளி. பாதிச் சம்பளத்துக்கு மடக்க அவரும் தலைகீழா நின்னு பாத்தாரு, நடக்கல. முழுசா வாங்கிட்டாங்க.”

“அப்ப நான்?” மேனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது.

“கைப்பிடி மாட்ட அவங்க இடம் காலியா இருக்காம் சார். ஆனா அது பொம்பளைங்க சம்பளம்தானாம், சம்மதமான்னு கேக்கச் சொன்னாங்க.”