வார்னிஷில் ஒரு கட்டைவிரல்

போலீஸ் ஸ்டேஷனில் மை தடவி எடுத்ததுபோல அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது கட்டைவிரல் ரேகை. வயலினின் முதுகில், நட்டநடுவில்.

"மன்னிச்சிடுங்க மேஸ்ட்ரோ," என்றார் விரலுக்குச் சொந்தக்காரர். இத்தாலியின் கிரெமோனா நகரத்து வயலின் பட்டறைகளைப் பார்க்க வியன்னாவிலிருந்து வந்தவர். "நாப்பது வருஷம் வீடுகளுக்கு பெயின்ட் அடிச்சவன் நான். காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாக்காம இருக்க முடியறதில்ல."

இன்னொரு முறை வருத்தம் தெரிவித்துவிட்டு, கையிலிருந்த வரைபடத்தில் ஒட்டோரினோவின் பட்டறையை டிக் செய்துகொண்டு அவர் மாடிப்படி இறங்கினார்.

வயலின் செய்பவரான ஒட்டோரினோ ரேகையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வயலின் செய்வோர் போட்டி. இன்று மாலை ஐந்து மணிக்குள் வயலினைக் கொடுத்தாக வேண்டும். போன இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே வெளியேறியவர் அவர். எட்டு மாதம் செதுக்கிவிட்டு, ஊரிலுள்ள மற்றவர்களைப் போலவே வார்னிஷைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டார். பக்கத்து வீட்டு எர்சிலியாவின் மொட்டைமாடியில் வெயில் நன்றாக விழும் என்பதால், அவள் துணிக்கொடியில் போர்வைகளுக்கு நடுவே வயலினையும் தொங்கவிட்டிருந்தார். அதைப் பெருமையாகக் காட்டப் போய்த்தான் இந்த வினை.

மனைவி நோர்மா குனிந்து பார்த்தாள். "விட்டுடு. கண்ணாடி போட்டாத்தான் தெரியுது."

"நடுவருங்க அத்தனை பேரும் கண்ணாடிதான் போட்டிருப்பாங்க."

ஸ்பிரிட் தோய்த்த துணியால் மெல்ல ஒற்றினார். ரேகை போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு யூரோ நாணயம் அளவுக்கு வெளுத்துப் போனது.

வெளுப்பை மறைக்க மேலே ஒரு பூச்சு பூசினார். அவசரத்தில் நிறம் கூடி, காப்பி கொட்டியதுபோல ஒரு திட்டு.

திட்டு சீக்கிரம் காயட்டும் என்று நோர்மாவின் தலைமுடி உலர்த்தியைப் பிடித்தார். அது கொடியில் கிடந்த எர்சிலியாவின் கம்பளிப் போர்வையையும் சேர்த்து ஊதியது. பறந்த பஞ்செல்லாம் ஈர வார்னிஷைத் தேடி வந்து உட்கார்ந்தது.

"வயலினுக்கு முடி முளைச்சிருக்கு," என்றாள் எர்சிலியா, தன் போர்வையை மடித்துக்கொண்டே.

உப்புத்தாள் எடுத்துப் பஞ்சைத் தேய்த்தார். பஞ்சோடு வார்னிஷும் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மரம் பல்லைக் காட்டியது.

மணி நாலரை. போட்டிக்கு வரும் வயலினில் செய்தவர் பெயர் இருக்கக் கூடாது என்ற விதியை நினைத்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஒட்டோரினோ நிம்மதிப்பட்டார்.

"தொடாம விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த நோர்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வயலினை மேஜைமேல் வைத்தார். பதிவு செய்யும் பெண் அதைத் திருப்பினாள். விளக்கடியில் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். வெள்ளைத் திட்டைச் சுற்றி எதையோ தேடினாள்.

"இது எப்படி ஆச்சுன்னா..." என்று தொடங்கினார் ஒட்டோரினோ.

அவள் நிமிர்ந்தாள். "இன்னிக்கு வந்த பத்தொம்பது வயலின்லயும் ஒரே ஆளோட கட்டைவிரல் ரேகை இருக்கு, அதுக்கு மார்க் குறைக்கறதில்லன்னு நடுவருங்க மத்தியானமே முடிவு பண்ணிட்டாங்க, உங்களதுல மட்டும் அது எங்க மேஸ்ட்ரோ?"