பிரின்சிபாலுக்கு ஒரு நல்ல இடம்

"வெள்ளிக்கிழமைக்குள்ள பிரின்சிபாலை அனுப்பிடுப்பா. அந்த இடத்துக்குப் புதுசு வருது" என்றார் முதலாளி.

குமாஸ்தா தலையாட்டினார். ஏழு வருடங்களாக ஆட்டிவருகிறார். அந்தக் குதிரைப் பயிற்சிப் பள்ளியில், குதிரைகளை விட்டால் நன்றாகத் தலையாட்டுபவர் அவர்தான்.

பிரின்சிபால் என்பது இருபத்தாறு வயதுப் பழுப்புக் குதிரை. யாரைப் பார்த்தாலும் 'உன் வண்டவாளம் எல்லாம் எனக்குத் தெரியும்' என்பதுபோல் பார்க்கும். அதனால் வந்த பெயர். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு வகுப்புக்குக்கூடத் தாமதமாக வந்ததில்லை. மணி அடித்தால் போதும், யாரும் பிடித்துவர வேண்டாம். தானே நடந்துபோய், ஏறுவதற்குப் போட்டிருக்கும் மரப்படியின் பக்கத்தில் அடுத்த மாணவருக்காக நிற்கும். இப்போது முழங்கால் போய்விட்டது. நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அனுப்புவது என்றால் லாரிக்காரருக்குப் போன் போடுவது. ஏழு வருடங்களில் ஒன்பது கிழட்டுக் குதிரைகளை அவர் ஏற்றிப்போயிருக்கிறார். அதிகம் பேச மாட்டார். வந்ததும் மூன்று கேள்விகள்: எடை எவ்வளவு இருக்கும், பல் எப்படி, கூட்டத்தோடு நிற்குமா. பிறகு தலையைக் குனிந்துகொண்டே ஏற்றுவார். தலையைக் குனிந்துகொண்டே போவார். கிழட்டுக் குதிரையின் எடையை ஒருவர் எதற்குக் கேட்பார் என்று லாயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசுவதில்லை. "நல்ல இடத்துக்குப் போயிருச்சு" என்பார்கள். சொல்லும்போது சுவரைப் பார்ப்பார்கள்.

அன்று சாப்பிடும்போது இதை மனைவியிடம் உளறியதுதான் குமாஸ்தா செய்த முதல் தப்பு.

"அந்த லாரி எங்கங்க போகுது?"

"நல்ல இடத்துக்கு."

"எந்த இடம்?"

"கேட்டதில்ல."

"ஏழு வருஷமா நீங்கதானே போன் பண்றீங்க? ஒரு தடவகூடவா கேக்கல?"

"கேட்டா சொல்லிருவாரேம்மா."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்களில் அவள் அப்படிக் கரண்டியை வைத்த நான்கு சந்தர்ப்பங்களும் குமாஸ்தாவுக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கின்றன.

"பத்தாவது குதிரை அந்த லாரில ஏறுச்சுன்னா, நீங்க இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்."

மறுநாள் முதலாளி பத்து நாள் வெளியூர்ப் பயணம் கிளம்பினார். "லாரிக்குச் சொல்லிட்டியா?" என்று காரிலிருந்தே கேட்டார். "சொல்லிட்டேன் சார்" என்றார் குமாஸ்தா, தலையாட்டிக்கொண்டே.

பிறகு உட்கார்ந்து விளம்பரம் எழுதினார். 'குதிரை. வயது 26. முழங்கால் வலி உண்டு. ஏற முடியாது. இலவசம்.' ஒரே ஒருவர் போன் செய்து, இலவசம் என்றால் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் இலவசமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் வைத்துவிட்டார்.

"இப்படி எழுதுனா யாரு வருவா? நல்லதா நாலு வார்த்தை போடுங்க" என்றாள் மனைவி.

குமாஸ்தா போட்டார். 'அனுபவசாலி. அமைதியானவர். நேரம் தவறாதவர். அன்பான வீடு தேடுகிறார்.' இருபது பேர் அழைத்தார்கள். குதிரை என்றதும் பதினேழு பேர் வைத்துவிட்டார்கள். ஓர் அம்மாள் மட்டும் கொஞ்சம் யோசித்து, "பாத்திரம் கழுவுமா?" என்றார். மீதி இருந்தது இரண்டு பேர்.

குமாஸ்தா மனசாட்சிப்படி நடப்பது என்று முடிவுசெய்துவிட்டார். அதற்கு முதலில் ஒரு படிவம் தேவைப்பட்டது. முப்பத்தோரு கேள்விகள். புல் தரை உண்டா? நிழல் உண்டா? துணைக்கு இன்னொரு குதிரை உண்டா? கடைசியில் மூன்று உறுதிமொழிகள்: ஏற மாட்டேன், விற்க மாட்டேன், கடைசிவரை கைவிட மாட்டேன்.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்குக்குப் பின்னால் நல்ல புல்வெளி. துணைக் குதிரை இல்லை என்றாலும் ஒரு கழுதை இருந்தது. அதற்கு அரை மதிப்பெண் போட்டார் குமாஸ்தா. உறுதிமொழியைப் படிக்கும்போது டாக்டருக்குக் கண் கலங்கியது. இரண்டாம் நாள் போன் வந்தது.

"உங்க குதிரைய வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஏன் டாக்டர், கடிச்சிருச்சா?"

"கடிச்சாப் பரவாயில்ல, அது என் டிபார்ட்மெண்ட். உள்ள வருது சார்!"

அடுத்த நோயாளியைக் கூப்பிட டாக்டர் மணி அடிப்பார். அடித்ததும் பிரின்சிபால் பின்கதவு வழியாக வந்து, நோயாளி ஏறும் நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. ஊசி வலிக்குப் பயந்து கண்ணை மூடியிருந்த ஒருவர், முகத்தில் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணைத் திறந்திருக்கிறார்.

"வாயத் திறக்கச் சொல்லி அரை மணி நேரம் கெஞ்சுனேன் சார் அவரை. இப்ப மூட மாட்டேங்கறாரு."

"மணி அடிக்காம சமாளிச்சுப் பாருங்களேன்."

"அப்ப நான் பல்லு புடுங்கறத விட்டுட்டுப் புல்லு புடுங்கறேன், நீங்க வந்து கிளினிக்கப் பாத்துக்கறீங்களா?"

குமாஸ்தா படிவத்தில் முப்பத்திரண்டாவது கேள்வியைச் சேர்த்தார்: மணி உண்டா?

"மணியே கிடையாது சார், எங்க விடுதில எல்லாம் போன்தான்" என்றார் இரண்டாமவர். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே விடுதி நடத்துகிறார். முப்பத்திரண்டு கேள்விகளில் இருபத்தொன்பதுக்குச் சரியான பதில். குமாஸ்தா பிரின்சிபாலின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கே புதுக்குதிரை வந்து பிரின்சிபாலின் கொட்டடியில் குடியேறியது.

நான்கு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார். விடுதி வாசலில் பிரின்சிபால் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு பெரிய மனிதர் இருந்தார். எல்லா விதத்திலும் பெரிய மனிதர். கீழே வரிசையில் இன்னும் ஏழு பேர்.

"ஏற மாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்களே!"

"யாரு ஏறுனா? ஏறுறதுன்னா ஓட்டணும் சார். இது சும்மா உக்கார்றது. போட்டோ எடுத்ததும் இறங்கிருவாரு."

"அதுக்கு முழங்கால் வலி சார்!"

"அவருக்குந்தான் முழங்கால் வலி. நிக்க முடியாமத்தான் உக்காந்திருக்காரு, பாவம்."

குமாஸ்தா வாழ்க்கையில் முதன்முறையாகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். பெரிய மனிதரை இறக்கினார்; தொப்பியைக் கழற்றி அவர் தலையிலேயே வைத்தார்; கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆறு கிலோமீட்டர் நடந்த பிறகுதான், பள்ளியில் பிரின்சிபாலுக்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் இரண்டு பேருமே நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே வீட்டுக்குக் கூட்டிவந்தார். வாடகை வீடு. கார் ஷெட் உண்டு, கார் கிடையாது.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்று மனைவி பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பு, காலையில் யாரோ அழைப்பு மணியை அழுத்தும்வரை நீடித்தது. பிரின்சிபால் ஷெட்டிலிருந்து சமையலறை வழியாக ஹாலுக்கு வந்து சோபாவின் பக்கத்தில் நின்றது. தபால்காரருக்கு ஒரு முறை, மின்வாரியத்துக்காரருக்கு ஒரு முறை. மூன்றாவது முறை மணி அடித்தவர், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா.

"ரெண்டு பேருதான் குடித்தனம்னு சொன்னீங்க?"

"ரெண்டு பேருதாம்மா."

"அப்ப சோபாகிட்ட நிக்கறது?"

"விருந்தாளி."

"விருந்தாளி எப்பக் கிளம்புவாரு?"

இரண்டே நாளில் சிமெண்ட் தரையில் நின்று பிரின்சிபாலின் கால்கள் வீங்கிவிட்டன. போட்ட வைக்கோலை வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு உருண்டையாகத் துப்பியது. இரவு முழுக்கத் தெருவைப் பார்த்துக் கனைத்தது. பதிலுக்கு யாரும் கனைக்கவில்லை.

மனைவி அந்தப் படிவத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். "நம்ம வீட்டுக்குப் போட்டுப் பாப்போம். புல் தரை?"

"இல்ல."

"நிழல்?"

"ஷெட் இருக்கு."

"துணைக்குக் குதிரை?"

குமாஸ்தா தெருப்பக்கம் பார்த்தார்.

"மணி?"

"அடிச்சுத் தொலைக்குதே."

கூட்டிப் பார்த்தாள். முப்பத்திரண்டுக்கு ஆறு. பல் டாக்டர் இருபத்திநாலரை வாங்கியிருந்தார். விடுதிக்காரரே இருபத்தொன்பது.

"மனசு நல்லா இருந்தாப் போதும்னு நெனச்சேங்க" என்றாள் அவள் மெதுவாக. "இப்படியே விட்டா இது நம்ம கையாலயே செத்துரும்."

அப்போதுதான் முதலாளியின் போன் வந்தது. ஊரிலிருந்து திரும்பியவர், நன்றி சொல்ல லாரிக்காரரை அழைத்திருக்கிறார். லாரிக்காரர் "எந்தக் குதிரைங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"உன் வீட்லதானே வெச்சிருக்க? குதிரைய நீ கூட்டிட்டுப் போயிட்டன்னு விடுதிக்காரன் பள்ளிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டான். லாரிய அங்கயே வரச் சொல்லிட்டேன். ஏத்தி விட்டுட்டு நாளைக்கு வேலைக்கு வா. இல்லன்னா வராத."

சொல்லி முடிப்பதற்குள் தெருவில் லாரி வந்து நின்றது. மாடியில் வீட்டுக்காரம்மா வசதியாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். லாரிக்காரர் இறங்கினார், தலையைக் குனிந்துகொண்டு. முன்சீட்டில், மடியில் மூடிபோட்ட வாளியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா அவரை இதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் முகம், பல காலம் பொறுத்துப் பொறுத்து இன்று கிளம்பி வந்துவிட்ட முகமாக இருந்தது.

குமாஸ்தாவின் மனைவி துடைப்பத்தோடு ஷெட் வாசலை மறித்தாள். குமாஸ்தா துடைப்பத்துக்குப் பின்னால் நின்றார்.

"எடை எவ்வளவு சார் இருக்கும்?" என்றார் லாரிக்காரர்.

"சொல்ல மாட்டேன்."

"பல்லு எப்படி?"

"அதையும் சொல்ல மாட்டேன்!"

"கூட்டத்தோட நிக்குமா?"

குமாஸ்தா, வேலை போனால் போகட்டும் என்று துடைப்பத்தைத் தாண்டி முன்னால் வந்தார். ஏழு வருடமாக வாய்க்குள்ளேயே இருந்த கேள்வி கிறீச்சென்று வெளியே வந்தது. "எங்கய்யா கொண்டுபோற இதையெல்லாம்?"

லாரிக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முன்சீட்டைப் பார்த்தார். மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் லாரியிலிருந்து இறங்கி, வாளியை நங்கென்று தரையில் வைத்து, இடுப்பில் கையை ஊன்றினார்.

"வேற எங்க, எங்க வீட்டுக்குத்தான், எடைய வெச்சுத்தான் தீனி அளக்கணும், பல்லு இல்லன்னா இப்பவே சொல்லித் தொலைங்க, அங்க இருக்கற ஒம்பதுக்கும் தினம் தவிடு ஊறவெச்சுப் போடறவ நான், இவரு இல்ல!"