தொப்பூர் மேட்டில் சுற்றாத ஃபேன்

தருமபுரி
12-5-1974

அன்புள்ள தம்பி நசீருதீனுக்கு,

உன் மச்சான் சலாவுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் அருளால் நான் சுகம். லாரியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் அக்கா அமீனா சுகமா என்பதை நீதான் கிருஷ்ணகிரிக்கு எழுதி விசாரித்துக்கொள்ள வேண்டும்; அவள் கோபித்துக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. காரணம், நீ பம்பாயிலிருந்து பாசத்தோடு அனுப்பிய ஃபேன் கிளட்ச்.

நம் லாரியின் பழைய ஃபேன், எஞ்சின் ஓடினால் தானும் ஓடும். பனியா வெயிலா என்று பார்க்காது. நீ அனுப்பியது அப்படியில்லை. பெல்ட் சுற்றும் புல்லிக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் பிசின் போன்ற எண்ணெய், முகப்பில் சுருட்டி வைத்த உலோகப் பட்டை. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சுட்டால் பட்டை நெளிந்து உள்ளே ஒரு சின்னக் கதவைத் திறக்கும், எண்ணெய் பாய்ந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும், ஃபேன் வேகமெடுக்கும். காற்று ஆறினால் கதவு மூடும், பிடி நழுவும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும், டீசல் மிச்சமாகும் என்று விளக்கியிருந்தாய். சூடு பட்டால்தான் வேலை செய்வேன் என்கிறவர்கள் நம் அலுவலகங்களில் ஏற்கெனவே இருப்பதால் எனக்கு எளிதாகப் புரிந்தது.

டிரைவர் மாதப்பனுக்குத்தான் புரியவில்லை. முதல் நாளே பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாய், எஞ்சின் கத்துது, இது தூங்குதுங்க. தொப்பூர் மேட்டுல வண்டி வெந்துபோச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்றான். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டையோடு கணவாய் ஏறும் வண்டி வேகலாமா? கிளீனர் குள்ளனை முன் பம்பரில் உட்காரவைத்து, ரேடியேட்டருக்கு ஈரச்சாக்கு கட்டி, மேடு முடியும்வரை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றினான். எஞ்சின் பன்னீர் தெளித்த மாப்பிள்ளை மாதிரி குளுகுளுவென்று ஏறியது, ஃபேன் வேகமெடுக்கவில்லை. சாக்கை இரண்டாக்கினோம். அப்போதும் எடுக்கவில்லை. இத்தனை ஒத்தாசை செய்தும் ஓடாத ஃபேன் பழுதில்லாமல் வேறென்ன?

இதை அமீனாவிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் தோசைக்கல்லை இறக்கிவைத்தாள். "என் தம்பி அனுப்புனது நல்லாத்தான் இருக்கும். இந்த வூட்டுக்குள்ள எதுதான் உருப்படியா வேலை செய்யுது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்கு நான், உங்கள் குடும்பத்து மூளை எந்தச் சூட்டிலும் பிடிக்காத கிளட்ச் என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே வார்த்தைதான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டால்தான் திரும்புவாளாம். ஓட்டல் சாம்பாரில் என் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

ஆகவே தம்பி, அனுப்பியது பழுதான சாமான்தான் என்று உன் கைப்பட நாலு வரி எழுதிவிடு. அதைக் காட்டி அவளை அழைத்து வந்துவிடுவேன். உன் மனைவி ஷகிலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், கூடவே கொஞ்சம் மெக்கானிக் அறிவும் தருவானாக.

உன் மச்சான்,
சலாவுதீன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இப்போது மாதப்பன் லோடோடு வந்து நிற்கிறான். "பாய், பாதி மேட்டுல ஃபேன் புயலாட்டம் இரைஞ்சுதுங்க. வண்டிய நிறுத்திட்டு எறங்கி ஓடிட்டேன்" என்கிறான். சூடு தணிந்ததும் தானாக அடங்கிவிட்டதாம். இன்று ரேடியேட்டர்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க ஆளில்லை. ஏனென்றால் குள்ளனை லோடுக்கு அனுப்பாமல் நிறுத்தி, இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்து, ஃபேன் பழுதென்று அவளும் ஒப்புக்கொள்ளட்டும் என்று உன் அக்கா முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லி, சற்றுமுன்தான் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏற்றிவிட்டேன். குள்ளன் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். 'உங்கள் குடும்பத்து மூளை' என்று வருகிற வரிக்கு அவன் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அடுத்த பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.