மேலாளர் வீட்டு மக்னோலியா

மேலாளர் வீட்டு மக்னோலியா மரத்திலிருந்து இன்னோர் இலை குமாஸ்தாவின் காலடியில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தார். பை ஏற்கெனவே புடைத்திருந்தது.

நீண்ட பயிற்சிக்காக வெளிநாடு போன மேலாளர், எத்தனையோ மூத்தவர்கள் இருக்க, தோட்டத்துச் சாவியை இவர் கையில்தான் கொடுத்தார். மரத்தைப் பார்த்துக்கொண்டால், திரும்பி வந்ததும் பிரிவுத் தலைவர் பதவியைப் பற்றிப் பேசலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கிளைகளில் குமாஸ்தா கண்டது இலைகளை அல்ல, பதவியை. அதுதான் இப்போது உதிர்ந்துகொண்டிருந்தது. தெருவில் மற்ற மரங்களும் மொட்டையாகத்தான் நின்றன. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்படி யாரும் இவரிடம் சொல்லவில்லையே.

தாகமாக இருக்கும் என்று குடம் குடமாக ஊற்றினார். அடிமண் சேறாகி, இலை கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சத்துக் குறைவோ என்று உரத்தை அள்ளிப் போட்டார். மிச்சமிருந்த இலைகளும் ஓரம் கருகி விழுந்தன.

பிறகுதான் கிளை நுனிகளில், சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்த உருண்டைகளைக் கண்டார். கம்பளிப்பூச்சிக் கூடு என்று முடிவுகட்டி, ஏணி போட்டு ஏறி, கைக்கு எட்டியதையெல்லாம் கிள்ளினார். வாளி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து, வேட்டையாடி வந்தவர்போல மனைவிக்குக் காட்டினார்.

அவள் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே இளஞ்சிவப்பு இதழ்கள் சுருண்டிருந்தன.

"இது பூச்சி இல்லைங்க. மொட்டு."

குமாஸ்தா வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "திரும்ப ஒட்ட வச்சிரலாமா?"

"இனிமே அந்த மரத்துப் பக்கமே போகாதீங்க. மரமாவது பிழைச்சுப் போகட்டும்."

முதன்முறையாக மனைவி சொல்லைக் கேட்டார்.

குளிர்காலம் முடிந்து மேலாளர் திரும்பிய அன்று, தூக்கு மேடைக்குப் போகிற முகத்தோடு அங்கே போனவர், வாசலிலேயே வாயைப் பிளந்து நின்றார். ஏணிக்கு எட்டாமல் தப்பிய மொட்டுகளெல்லாம், ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் கிண்ணம் கிண்ணமாக விரிந்திருந்தன. தெருவில் போனவர்கள் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காரிலிருந்து இறங்கிய மேலாளர் அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பூத்திருக்கு" என்று மட்டும் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த டிரைவரின் காதருகே போனார்.

"பாத்தியா, பேச்சே வரலை. மனுஷன் அசந்துட்டாரு."

டிரைவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அண்ணே, அந்த இடத்துல அவரு கார் ஷெட் கட்டணும். உசுரோட இருக்கிற மரத்தை வெட்ட நகராட்சியில அனுமதி தரமாட்டேன்னுட்டாங்க. அதான், தொட்ட செடியெல்லாம் பட்டுப்போற ஆளு நம்ம ஆபீஸ்ல யாருன்னு விசாரிச்சாரு. எல்லாரும் உங்களைத்தான் கை காட்டினாங்க."