தடை அகற்றும் பிரிவும் பூப்போட்ட டேப்பும்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம்தான் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் பூப்போட்ட டேப்பை ஒருமுறைகூடக் கையால் கிழித்துப் பார்க்காதவர்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சக்கரம் மனிதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். பூப்போட்ட டேப்போ, எங்கேயாவது போக வேண்டும் என்ற அவசியத்தையே ஒழித்துவிடும். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இருபத்தோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் நகராட்சியில், 'நடைபாதைத் தடை அகற்றும் பிரிவு' என்னும் உயரிய பிரிவின் பதிவறை எழுத்தர். நடைபாதையில் யாராவது கல்லைக் கொட்டினாலோ கம்பத்தை நட்டாலோ பொதுமக்கள் எங்களிடம் மனு கொடுப்பார்கள். நாங்கள் அதற்கு எண் போட்டு, நூல் கோத்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவோம். பதிவேட்டில் 'பெறப்பட்டவை' என்று ஒரு பத்தியும் 'அகற்றப்பட்டவை' என்று ஒரு பத்தியும் உண்டு. முதல் பத்தி நிரம்பி வழியும். இரண்டாவது பத்தியைப் புதுத் துணி மாதிரி கறைபடாமல் வைத்திருந்தோம்.

இப்படிப்பட்ட பிரிவில் மன அழுத்தம் அதிகம் என்று மேலிடத்து ஆய்வு ஒன்று கண்டுபிடித்தது. காரணத்தையும் கண்டுபிடித்தது: ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் மனுதாரர்கள். மனுதாரர்களை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதால், எங்கள் ஆறு பேருக்கும் 'படைப்பூக்கக் கலைக் குறிப்பேடு' பயிற்சி அளிக்க உத்தரவாயிற்று. குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் பேசும் ஒரு பயிற்சியாளர் அம்மா வந்தார். ஆளுக்கொரு தடித்த நோட்டைக் கொடுத்தார்.

"உங்க மனசுல என்ன இருக்கோ அதை அப்படியே இந்தப் பக்கத்துல கொட்டுங்க" என்றார்.

"ஒண்ணுமே இல்லன்னா?" என்று தட்டச்சர் அக்கா கேட்டார்.

"அப்ப பின்னணிக் கலர் மட்டும் அடிங்க. அதுவும் ஒரு மனநிலைதான்."

ஆனால் முதல் பக்கத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவ்வளவு வெள்ளையான தாளை எங்கள் அலுவலகத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை. கெடுத்துவிட்டால் என்ன செய்வது? பயிற்சியாளர் கனிவுடன் சிரித்து, முதலில் பொருள்களைச் சேகரியுங்கள், சேகரிப்பே ஒரு கலை, கை தானாக வரும் என்றார். அந்தக் கட்டம் நான்கு மாதம் நீடித்தது.

அந்த நான்கு மாதம்தான் என் பணிக்காலத்தின் பொற்காலம். எங்கள் பிரிவு அதிகாரி அம்மையார், அதாவது மேடம், நோட்டின் பக்கங்களில் அலங்காரமாக ஒட்டும் பூப்போட்ட காகித டேப் அறுபத்து நான்கு சுருள் சேர்த்தார். நிறவாரியாக அடுக்கி, காலையில் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை தடவிக் கொடுப்பார். தட்டச்சர் அக்கா ஸ்டிக்கர் சேர்த்தார். ஒன்றையும் உரிக்கவில்லை. உரித்தால் ஒட்டிவிடுமே என்ற கவலை. நான் காகிதத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஓட்டை போடும் கருவிகள் வாங்கினேன்.

"சட்டைப் பட்டன் தைக்க ஒரு ஊசி கேட்டா வீட்டையே புரட்டறோம். பட்டாம்பூச்சி ஓட்டை போட ஆறு மெஷின் எதுக்குங்க?" என்றாள் என் மனைவி.

"ஆறும் வேற வேற சைஸும்மா."

"ஓட்டை போட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இப்ப சேகரிப்புக் கட்டம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கலை தெரியாதவர்களின் பார்வை அப்படித்தான் இருக்கும்.

சேகரித்ததை வைக்க இடம் வேண்டுமே. இரும்பு பீரோவைக் காலி செய்தோம். அதிலிருந்த கோப்புகளை வராந்தாவில் அடுக்கினோம். அடுக்கு வளர்ந்து வளர்ந்து வழியை அடைத்தது. தடை பற்றி மனு கொடுக்க வருகிறவர்கள் பழைய மனுக்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. ஒரு தபால்காரர் தடுக்கி விழுந்து, அதைப் பற்றி எங்களிடமே மனு கொடுத்தார். அதற்கும் முறைப்படி எண் போட்டு அதே அடுக்கின் மேல் வைத்தோம்.

மனுதாரர்களில் தவறாமல் வருகிறவர் ஒரு தையல்கார அம்மா. திங்கட்கிழமை அவர் கடைக்கு விடுமுறை. பதினோரு மணிக்கு ஜன்னலில் நிற்பார். அவருடைய குறை மிகச் சிறியது. அவர் வீட்டு வாசலுக்கு நேரே நடைபாதையில் ஒரு பழைய விளக்குக் கம்பம். விளக்கு போய்ப் பல வருடம் ஆகிறது. கம்பம் மட்டும் நிற்கிறது. அவருடைய கணவர் விளம்பரப் பலகைக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலி வந்தது. நாற்காலியின் அகலம் இருபத்தைந்து அங்குலம். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருபத்திரண்டு அங்குலம்.

"மூணு அங்குலம்தான் சார் பிரச்சினை" என்பார் தையல்கார அம்மா. "தெரு முனைக் கடை வரைக்கும் அவரே உருட்டிட்டுப் போயிடுவார். அவர் கூட்டாளிங்க எல்லாம் அங்கதான் உட்காருவாங்க. பதினாலு மாசமாச்சு வெளிய வந்து."

"ரெண்டு பேர் தூக்கி வெளிய வைக்கலாமேம்மா?"

"மூட்டை மாதிரி தூக்க வேணாம்னு சொல்லிட்டார் சார். அவரே வரணுமாம்."

மனுவோடு ஒரு படம் இணைத்திருந்தார். கணவர் கைப்பட வரைந்தது. வாசல், இரண்டு படி, அதற்குப் போட்ட சாய்வுப் பலகை, கம்பம், கம்பத்துக்குப் பின்னால் நாற்காலியில் கட்டைவிரல் அளவில் ஒரு மனிதர். அளவுகள் கொட்டை எழுத்தில். கம்பத்தின் துரு, சுவரின் காரை, அந்தச் சிறிய மனிதரின் மடியில் கிடந்த கை, எல்லாமே கலர் பென்சிலில் அப்படியே இருந்தன. கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் கையெழுத்து. விளம்பரப் பலகை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"பரிசீலனையில இருக்கும்மா" என்று நான் வாரந்தோறும் சொல்வேன். சொல்லும்போது என் குரலும் இப்போது மென்மையாகியிருந்தது. பயிற்சியின் பலன்.

இந்த நிலையில் பிரிவுகளுக்கு இடையே கலைக் குறிப்பேட்டுப் போட்டி அறிவித்தார்கள். அறுபத்து நான்கு சுருள் இருந்தும் மேடத்துக்குப் பக்கம் நிரம்பவில்லை. பயிற்சியாளர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் கடைச் சாமானா இருக்கு. ஜீவன் இல்ல. நல்ல தாள் கடையில கிடைக்காது மேடம். பழசா இருக்கணும், யாரோ கையால எழுதியிருக்கணும், முத்திரை குத்தியிருக்கணும், ஓரத்துல ஒரு டீக்கறை இருந்தா ரொம்ப விசேஷம்."

"அந்த மாதிரி தாளுக்கு நான் எங்க போவேன்?" என்றார் மேடம்.

எங்கள் ஆறு தலைகளும் மெல்ல வராந்தாப் பக்கம் திரும்பின.

இருபத்தோரு வருடத்தில் முதல் முறையாக என் பதவியின் அருமை எனக்குத் தெரிந்தது. எனக்கு 'மூலப்பொருள் வழங்குநர்' என்ற கூடுதல் பொறுப்பு வாய்மொழியாக வழங்கப்பட்டது. அதுவரை தெருவாரியாக இருந்த மனுக்களை நிறவாரியாகப் பிரித்தேன்: பழுப்பு, இளம்பழுப்பு, டீ. ஓரம் கிழிப்பதிலும் தேர்ந்தேன். கத்தரியால் வெட்டினால் ஓரம் விறைப்பாகத் தெரியும். கோடு போல ஈரத் தூரிகையை ஓட்டிவிட்டு மெல்ல இழுத்தால் தாள் பூவிதழ் மாதிரி பிரியும். அப்படித்தான் தையல்கார அம்மாவின் கணவரான பலகைக்காரர் வரைந்த படத்தையும் கிழித்தேன். வலது மூலை சற்று அதிகமாகப் போய்விட்டது. கலையில் அதெல்லாம் சகஜம்.

கண்காட்சி ஒரு திங்கட்கிழமை நடந்தது. ஜன்னலைச் சாத்தி, 'கலைக் கண்காட்சி, உள்ளே வரவும்' என்று எழுதி வைத்திருந்தோம். ஆணையர் நேரில் வந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். மேடத்தின் பக்கத்தில் நின்றுவிட்டார். 'உள்ளக் கதவு' என்பது தலைப்பு. நடுவில் அந்தப் படம். சுற்றிலும் நான்கு வரிசை பூப்போட்ட டேப்.

"இந்தக் கம்பம் எதைக் குறிக்குது?"

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "நம்ம ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு கம்பம் இருக்கு சார். அது நம்மள வெளிய போக விடாது. அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கறது நான்தான்."

"பிரமாதம். இருபத்திரண்டு, இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே?"

"என் வயசு சார். அந்த மூணு வருஷம் எனக்கு ரொம்ப நெருக்கடி."

ஆணையர் உருகிப்போனார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அறிவிப்பை நம்பி உள்ளே வந்திருந்த தையல்கார அம்மா.

"இது என் வீட்டுக்காரர் வரைஞ்ச படம்" என்றார். கிழிந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். "அவர் பேர் இங்கதான் இருந்துது." பிறகு மேடத்தைப் பார்த்து, சத்தம் போடாமல்தான் கேட்டார். "உங்க மனசுல இருக்கற கம்பத்தை நீங்க மெதுவா எடுத்துக்குங்கம்மா. என் வாசல்ல இருக்கறதை எப்ப எடுப்பீங்க?"

"நடிப்பும் சேர்த்திருக்கீங்களா?" என்று ஆணையர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினோம். முதல் பரிசு எங்கள் பிரிவுக்கே.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா படத்தைத் திருப்பிக் கேட்டார். உரித்தால் கிழிந்துவிடும், உயர்தரப் பசை என்று விளக்கினேன். விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? கோப்பைப் பார்த்து, 'இணைப்புப் படம் காணப்படவில்லை, புதிதாக இணைக்கவும்' என்று ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவர் வெறுங்கையோடு வந்தார்.

"திரும்ப வரைய மாட்டேங்கறார் சார். ஒரு தடவை அளந்து குடுத்தாச்சு, அளவு ஒண்ணும் மாறலயேங்கறார்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மேடத்திடம் போய், அந்தக் கம்பத்துக்கு ஏதாவது செய்யலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேடத்தின் கண் கலங்கிவிட்டது.

"நானும் அதையேதான் நினைச்சுட்டு இருந்தேன். எனக்குப் பரிசு வாங்கிக் குடுத்த கம்பம் அது. அப்படியே விட்டா பாவம். நாளைக்கே போறோம்."

மறுநாள் ஆறு பேரும் அலுவலக வண்டியில் கிளம்பினோம். வழியில் மேடம் நிலைமையை விளக்கினார். கம்பத்தைப் பிடுங்க மின் பிரிவு, சாலைப் பிரிவு, குழாய்ப் பிரிவு மூன்றும் இசைய வேண்டும். கம்பத்தை அலங்கரிக்க யாருடைய இசைவும் வேண்டாம். ஆகவே அடியிலிருந்து ஆள் உயரம் வரை பூப்போட்ட டேப் சுற்றினோம். தட்டச்சர் அக்கா மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் ஸ்டிக்கரை உரித்தார். என்னுடைய ஆறு கருவிகளும் அன்றுதான் வேலை பார்த்தன. ஆறு அளவிலும் பட்டாம்பூச்சிகள் கம்பமேறின.

வாசல் கதவு திறந்தது. பலகைக்காரர் சாய்வுப் பலகையில் இறங்கி வந்தார். முன்சக்கரம் கம்பத்தில் இடித்து நின்றது. மேலும் கீழும் தொழில்காரக் கண்ணால் பார்த்தார்.

"மூணாவது சுத்து கொஞ்சம் கோணல் தம்பி."

உரித்துச் சரிசெய்தேன். விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார்.

"இப்ப நல்லா ஒட்டியிருக்கு. இனிமே இது எங்கயும் போகாது" என்றார். "நானும்தான்."

மேடம் அதற்குள் படம் எடுத்துவிட்டார். அலுவலகம் திரும்பியதும் பிரதி எடுத்து, அடுத்த போட்டிக்கான பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கம்பம் தேர் மாதிரி இருந்தது. ஆனால் அவர் முகம் சுளித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. பின்னாடி நாற்காலியில அவர் தெரியறது மட்டும் இடைஞ்சலா இருக்கு. எடுத்துடுங்களேன்."

பொடிக் கத்தரியை எடுத்து, கம்பத்துக்கு ஒரு கீறலும் விழாமல், அவரை மட்டும் சுற்றி வெட்டி எடுத்தேன். சக்கரத்தின் ஓரம்கூட மிச்சமில்லை. பிறகு பதிவேட்டைத் திறந்து, இத்தனை வருடமாகக் கறைபடாமல் இருந்த இரண்டாவது பத்தியில் முதல் பதிவை எழுதினேன். அகற்றப்பட்டவை: ஒன்று. அகற்றியவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.