பெட்டி அண்ணையின் நடுப்பகல் வாசிகசாலை

பேய்க்குப் பயந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். சவப்பெட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பேய்க்குப் பயந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பெட்டி அண்ணை.

ஞானஸ்நானத்தில் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் அது யாருக்கும் தெரியாது. ஆறடி உயரம், அகன்ற மீசை, மன்னார்க் குரல். கபோச் சந்தைக்குப் பின்னால், வெயில் நுழையாத ஓர் ஒழுங்கையில் இருந்த கடையில், சவப்பெட்டிகளுக்கு உள்ளே வெள்ளைச் சாட்டின் துணி விரித்து ஆணியடிப்பது அவருடைய தொழில். பல்லி சொன்னால் மூன்று முறை சிலுவை போடுவார். பெட்டிகளுக்கு முதுகைக் காட்டவே மாட்டார். வேலை முடிந்து கடையை விட்டு வெளியேறுவதும் பின்பக்கமாக நடந்துதான்.

கடை முதலாளி ஓர் இத்தாலிய விதவை. எல்லோருக்கும் அவர் சிஞோரா, அதாவது அம்மணி. எந்நாளும் கறுப்பு உடுப்பு. கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். ஆனி மாதம் பிறந்ததும் பகேரியாவில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போனால் புரட்டாதியில்தான் திரும்புவார். அதுவரை கடைத் திறப்பு பெட்டி அண்ணையின் கையில்.

பலெர்மோவில் கோடை காலத்து மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகள் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த மூன்று மணித்தியாலமும் ஊர் செத்துக் கிடக்கும். காலையில் காது வெடிக்கக் கத்திய கபோச் சந்தையில் மீன் கழுவிய தண்ணீர் காய்கிற மணம் மட்டும் மிஞ்சும். எல்லா யன்னல்களும் மூடியிருக்கும். பெட்டி அண்ணையின் அறையோ தூரம். பஸ்ஸில் போய்த் திரும்ப நேரம் போதாது. ஆகவே தினமும் அந்த உச்சிப்பொழுதில் இருபது சவப்பெட்டிகளுடன் தனியாகக் குந்தியிருக்க வேண்டிய தலைவிதி அவருக்கு.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் பலெர்மோவின் முதலாவது தமிழ்ச் சிறுவர் கோடை வாசிகசாலை.

பள்ளிக்கூடம் மூன்று மாதம் விடுமுறை. எங்களுக்கோ கோடைதான் உழைக்கிற காலம். நான் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும். என் கணவர் அதே கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒன்பது வயது மகள் நிரோசாவை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். அவள் நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தாள். தமிழ் எழுத்துத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் வயிற்றுக்குத்து வந்துவிடும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டி அண்ணை தாய்மாரைக் கூட்டி அறிவித்தார்.

"நாளையிலயிருந்து மத்தியானத்தில பிள்ளையளை என்னோடை விடுங்கோ. யேர்மனியில இருந்து அக்கா ரெண்டு பெட்டி கதைப்புத்தகம் அனுப்பியிருக்கிறா. நல்ல குளிரான இடம்."

"எங்கை அண்ணை?"

"கோயிலுக்குப் பின்பக்கம்."

அது பொய்யில்லை. கபோவில் எந்தச் சுவரும் ஏதோவொரு கோயிலுக்குப் பின்பக்கம்தான்.

மறுநாளே வாசல் வாசலாக வந்து மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். நாலு மணிக்குக் கடை திறக்க முன் திரும்பக் கொண்டுவந்து விட்டார். முதல் நாள் நாலு பிள்ளைகள். இரவு வேலையால் வந்ததும் நிரோசாவைக் கேட்டேன்.

"அண்ணை என்ன படிப்பிச்சவர்?"

"ஒண்டும் இல்லை அம்மா. கேள்வி கேக்க மாட்டாராம். பிடிக்காட்டி மூடி வை, வேறை எடு எண்டவர். பெட்டிக்கும் மூடி இருக்கு, புத்தகத்துக்கும் மூடி இருக்காம்."

"எங்கை இருந்து வாசிச்சனீங்கள்?"

"லெத்தோவில படுத்து."

லெத்தோ என்றால் கட்டில். குளிரான இடத்தில் கட்டிலும் போட்டிருக்கிறாரே என்று அந்த மனிதனுக்காக அன்று இரவு ஒரு செபமாலை சொன்னேன்.

இரண்டாவது கிழமையில் நிரோசா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அங்கை ஒரு பேயும் வாசிக்குது அம்மா."

மேல்வீடு பூட்டிக் கிடக்க, தலைக்கு மேலே யாரோ நடக்கிறார்களாம். அறையின் கோடியில் ஒரு வாதுமை மரப் பெட்டி. அது விசேஷ ஓடர், தொடக்கூடாது என்று அண்ணை சொல்லியிருந்தார். அந்தப் பக்கமிருந்து சில நேரம் மூச்சு விடுகிற சத்தம் வருமாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புத்தகம். வெளிச்சவீட்டுக் காவல்காரரோடு வாழும் பதினொரு பூனைகள், இரவுக்கு ஒன்றாகக் காணாமல் போகிற கதை. திங்கள் மாலை அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தால் செவ்வாய் அது இல்லை. புதன்கிழமை திரும்பி வந்திருக்கிறது, நடுப்பக்கத்தில் ஒரு கறுப்புக் கொண்டை ஊசியோடு. அடுத்த நாள் ஊசி ஆறு பக்கம் தள்ளிப் போயிருந்தது.

பெட்டி அண்ணை கோயிலில் இருந்து ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்து மூலை மூலையாகத் தெளித்தாராம். அதற்குப் பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "பிள்ளையள், ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ" என்று உள்ளே பார்த்துச் சொல்வாராம், பல் தந்தியடிக்க.

பிள்ளைகள் பயப்படவில்லை. நாலு பேர் பதினாலு பேரானார்கள். பேய்க்கு அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன பிடித்தது என்று அறியாமல் யாருக்கும் நித்திரை வரவில்லை. வரிசை போட்டு அதைப் படித்தார்கள். பேய் எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறது, நாங்கள் முந்துவோமா என்று போட்டி. என் மகள், வயிற்றுக்குத்துக்காரி, எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ஐந்தாவது பூனை வரைக்கும் வந்துவிட்டாள்.

அடுத்த கிழமை, புதன்கிழமை இரவு அவளுடைய சட்டையைத் தோய்க்க எடுத்தேன். முதுகில் வெள்ளைச் சாட்டின் நூல். மரத்தூள்.

"நிரோசா, நீ படுக்கிற கட்டில் எப்பிடி?"

"வடிவான கட்டில் அம்மா. நாலு பக்கமும் பலகை. மூடியும் இருக்கு."

சட்டையை வெளிச்சத்தில் பிடித்து அந்த நூலை இன்னொரு தரம் பார்த்தேன்.

அடுத்த நாள் வியாழன், வீட்டு வேலைக்காரருக்கு அரை நாள் லீவு. மொண்டெல்லோவில் இருந்து பஸ் எடுத்து இரண்டு மணிக்குக் கபோவில் இறங்கினேன். சந்தையில் ஓர் உயிரும் இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் வேறு யாரோ வருவது போலக் கேட்டது. ஒழுங்கைக்குள் திரும்பியதும் வெயில் அறுந்து, வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியது.

வாசற்படியில் இருந்த பெட்டி அண்ணை என்னைக் கண்டதும் எழும்பினார். "தங்கச்சி, சொல்லுறதைக் கேள்..."

கேட்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மங்கல் வெளிச்சத்தில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. மூன்றாவதில் என் மகள். வெள்ளைச் சாட்டின் மேல் நேராகப் படுத்து, நெஞ்சில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடியிருந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. பெற்ற பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்த தாய்க்கு என்ன நடக்குமோ அது எனக்கு நடந்தது. சத்தம் போட வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

அந்த அமைதியில்தான் கோடியில் இருந்த வாதுமைப் பெட்டி கிறீச்சிட்டது.

மூடி எழும்பியது. முதலில் ஒரு வெளிறிய கை. பிறகு நரைத்த தலை. கறுப்பு உடுப்பில் ஓர் உருவம் இடுப்பு வரை நிமிர்ந்து, எங்களைப் பார்த்து, கரகரத்த குரலில் கேட்டது:

"தோவே சோனோ இ கத்தி?"

இத்தாலிய மொழியில் அதற்கு அர்த்தம், பூனைகள் எங்கே என்பதுதான். பத்து வருடம் இத்தாலியில் இருந்த பெட்டி அண்ணைக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய காது மன்னாருக்கே போய்விட்டது.

"ஐயோ, கத்தி கேக்குது!" என்று கத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த வெற்றுப் பெட்டிக்குள் மல்லாக்க விழுந்தார்.

எழும்பியது பேயல்ல, சிஞோரா. பகேரியாவுக்குப் போன முதல் நாளே தமக்கையுடன் சண்டை. புரட்டாதிக்குத்தான் வருவேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வந்ததை யாருக்கும் காட்ட மானம் விடவில்லை. யன்னலைத் திறக்காமல் மேலேயே ஒளித்திருந்தார். மேல்மாடி அடுப்பாகக் கொதித்தது. தனக்கென்று முன்கூட்டியே செய்து வைத்த வாதுமைப் பெட்டிதான் அந்தக் கட்டடத்திலேயே குளிர்ந்த இடம். அண்ணை பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிற நேரத்தில் உள் படிக்கட்டால் இறங்கி வந்து, மூடிக்கு ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். அவர்கள் போன பிறகு ஏறிப் போவார். இறங்கத் தவறிய நாட்களில் மேலேயே நடந்துகொண்டிருப்பார்.

முதல் நாள் கண் விழித்தபோது சுற்றிவரப் பிள்ளைகளின் குரல், விளங்காத பாஷை. தான் செத்துவிட்டதாகவும், மோட்சத்துக்கு முன்னால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இப்படித்தான் கதைப்பார்கள் என்றும் நினைத்தாராம். பசி எடுத்த பிறகுதான் உயிரோடு இருப்பது உறுதியாயிற்று. பிறகு கையில் அகப்பட்ட புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறார். படத்துக்குப் படம் பூனைகள் குறைந்துகொண்டே போக, காரணம் தெரியாமல் அவருக்கும் நித்திரை போய்விட்டது.

பெட்டி அண்ணைக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். சிஞோராவைக் கண்டதும் முழங்காலில் விழுந்தார். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும், இந்த நாட்டில் இருக்கிற உரிமைக் கடதாசி. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?" என்றார் சிஞோரா.

"ஒருத்தரையும் கேக்கேல்லை சிஞோரா" என்று அண்ணை தமிழில் தொடங்கிப் பிறகு இத்தாலிய மொழிக்கு மாறினார். "எனக்கு இங்கே தனியாக இருக்கப் பயம்."

சிஞோரா கொண்டையைத் தடவினார். பிறகு மெதுவாக, "எனக்கும்தான்" என்றார்.

என் மகளைக் கையால் கூப்பிட்டார். "நீ வாசி. எனக்குச் சொல்லு."

அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தேன். ஆனால் நிரோசா வாதுமைப் பெட்டியின் விளிம்பில் ஏறி இருந்து, ஒரு வரி தமிழில் வாசித்து, அதைச் சிசிலிக்காரியின் இழுவையோடு இத்தாலிய மொழியில் சொன்னாள். அடுத்த வரி. அடுத்த வரி. திக்கவில்லை. விரல் வைக்கவில்லை. நான் ஒரு மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோராவது பூனையும் காணாமல் போன இடத்தில் புத்தகம் கிழிந்திருந்தது.

"மிச்சம்?" என்று சிஞோரா அதட்டினார்.

பதினாலு பிள்ளைகளும் பதினாலு முடிவு சொன்னார்கள். திருடன், திமிங்கிலம், போலீஸ். நிரோசா மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பூனையள் ஒண்டும் போகேல்லை. அங்கைதான் நிக்குதுகள். வெளிச்சவீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கண் தெரியாமல் போகுது."

அதை அவள் இத்தாலிய மொழியில் திருப்பிச் சொன்னதும் சிஞோரா சிலுவை போட்டார்.

"நாளைக்கும் வா" என்றார்.

மூன்று கோடை அப்படிப் போயிற்று. பிறகு வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் பெட்டி அண்ணை புறப்பட்டுப் போனார். போகும்போது எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு கடதாசித் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். "போய்ச் சேர்ந்ததும் கோல் எடுக்கிறன் தங்கச்சி" என்றார். எடுக்கவில்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி. அவர் எழுதிக்கொண்டு போன அந்தப் பழைய வீட்டு இணைப்பை வெட்டிவிடச் சொல்லி மகள் வருடா வருடம் சண்டை பிடிக்கிறாள். நான் வெட்ட விடவில்லை.